திருத்துவதற்கென்றே பிறந்த கருவிகள்

மார்க்டவுன், கிட், வேல், பாண்டாக். இந்த நாலு பெயரையும் ஒரே மூச்சில் சொல்வதே எனக்குச் சந்தோஷம். நான் பார்க்கிற வேலைக்கு இவற்றைவிட நல்ல மென்பொருள்கள் கிடையாது என்று அடித்துச் சொல்வேன். நாலும் இலவசம். நாலையும் பெற யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். மயிலாப்பூர் வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பிலும் ஓடும், அலுவலகத்துப் புது மெஷினிலும் ஓடும். யாராவது லேசாகப் பேச்செடுத்தால் போதும், அடையாறு பஸ் டெப்போ வாசலில் நின்றபடியே முழுக் கதையையும் சொல்லிவிடுவேன்.

என் வேலை டெக்னிக்கல் ரைட்டிங். ஒரு மென்பொருளை வாங்கியவர் அதை எப்படி நிறுவ வேண்டும், எங்கே அழுத்த வேண்டும், பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று புரியும்படி எழுதித் தருகிற வேலை. சென்னையில் இதைச் செய்கிறவர்கள் ஏராளம். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக முளைத்த மென்பொருள் நிறுவனங்களில் எங்களைப் போன்றவர்களுக்கும் நாற்காலி போட்டார்கள். காலையில் திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்குகிற கூட்டத்தில் நாங்களும் உண்டு. கோட் எழுதுகிறவர்களைப் பற்றி ஊரே பேசும். அந்தக் கோட் என்ன செய்கிறது என்று எழுதி வைக்கிறவர்களையும், அவர்கள் கையிலிருக்கும் கருவிகளையும் பற்றி நான் பேசுகிறேன்.

எழுதி முடித்துக் கொடுத்தால் வேலை தீர்ந்தது என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மை வேறு. எங்கள் தொழிலில் எழுதுவது சிறு பங்கு. எழுதியதை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முக்கால்வாசி. மென்பொருள் உயிரோடு இருக்கும்வரை அதன் கையேடும் மாறும். திரையில் ஒரு பட்டன் இடம் மாறினால் கையேடு மாற வேண்டும். சட்டம் மாறினாலும் மாற வேண்டும். ஆகவே ஒரு கருவி நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: அது திருத்தத்தை எப்படி நடத்துகிறது? எழுதுவதற்கு எது கொடுத்தாலும் எழுதிவிடலாம். திருத்துவதற்கு இந்த நாலும்தான்.

ஜிஎஸ்டி மாறிய வாரம்

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் 12, 28 சதவீத அடுக்குகளை நீக்க முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் அமல். ரெடிமேட் ஆடைக்கு அதுவரை ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். புது முறையில் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. தேதியைக் கவனியுங்கள். நவராத்திரி தொடங்குகிற நாள், அடுத்த மாதம் தீபாவளி. தி. நகரில் உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் கூட்டம் நெரியத் தொடங்கும் பருவம் அது.

கடையில் பில் போடும் மென்பொருளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையேடு எழுதுவது எங்கள் பொறுப்பு. வரி விகிதம் அதில் எங்கெல்லாம் வருகிறது தெரியுமா? பில் போடும் பக்கம், தள்ளுபடிப் பக்கம், சரக்கைப் பதியும் பக்கம், மாதக் கணக்கு அறிக்கை, கேள்வி பதில் என்று நூல் முழுக்க இறைந்து கிடக்கும். ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார்.

எங்கள் கையேட்டில் அந்த எண் ஒரே ஒரு கோப்பில்தான் இருந்தது. மற்ற பக்கங்களில் எண்ணே கிடையாது. இரட்டை நெளிவு அடைப்புக்குள் அந்த விகிதத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மட்டும் இருக்கும். பக்கங்களைக் கோத்து இணையதளமாக்கித் தருகிற எம்கேடாக்ஸ், ஒரு செருகுநிரலின் துணையோடு அந்தப் பெயர் வருமிடமெல்லாம் எண்ணைத் தானே நிரப்பிவிடும். விகிதத்துக்கு ஒரு வரி, வரம்புக்கு ஒரு வரி. இரண்டையும் மாற்றினோம், இரு மொழிக் கையேட்டிலும் எல்லா இடமும் மாறிவிட்டது. கணக்குப் போட்டுக் காட்டும் மாதிரி பில்களை மட்டும் கையால் திருத்தினோம். இவ்வளவையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஒரு தனி பிராஞ்சில், அதாவது வெளியான கையேட்டைத் தொடாத ஒரு கிளையில், முன்கூட்டியே செய்து, ரிவ்யூ முடித்துத் தயாராக வைத்திருந்தோம். அதுவரை பழைய விகிதமே வாசகருக்குத் தெரிந்தது. 22-ஆம் தேதி பிறந்ததும் ஒரே மெர்ஜ், அந்தக் கிளை கையேட்டோடு இணைந்தது. கடைகள் ஷட்டர் தூக்குவதற்குள் கையேடு புதிதாகிவிட்டது. அன்று எனக்கு வந்த பெருமிதத்தை என்னவென்று சொல்வது!

எண் தானே வந்து நிற்கும்

முதலில் மார்க்டவுன். 2004-ல் ஜான் க்ரூபர் வெளியிட்டது. உருவாக்கத்தில் ஆரன் ஸ்வார்ட்ஸின் பங்கும் உண்டு. தலைப்புக்கு முன்னால் ஒரு எண்குறி, அழுத்தம் வேண்டிய சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரம், பட்டியலுக்கு ஒரு கோடு. இவ்வளவுதான் இலக்கணம். ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். எழுதியது வெறும் எழுத்தாகவே கோப்பில் இருக்கும், அதனால் எந்த மென்பொருளிலும் திறக்கும். இருபது வருடம் கழித்தும் திறக்கும்.

இதில் என்னைக் கட்டிப்போட்ட ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கையேடு என்றால் படிப்படியான வழிமுறை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுத வேண்டும். வேர்ட் கோப்பில் படிகளுக்கு நடுவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டைச் செருகியவர்களுக்குத் தெரியும், அடுத்த படி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி நிற்கும். மார்க்டவுனில் எல்லாப் படிக்கும் முன்னால் 1 என்றே போட்டுவிடலாம். ஒன்பது படியும் 1, 1, 1 என்று கோப்பில் இருக்கும். பக்கமாக மாறும்போது 1 முதல் 9 வரை வரிசையாக வந்து நிற்கும். நடுவில் ஒரு படத்தைச் சேர்க்க வேண்டுமானால் கொஞ்சம் உள்தள்ளி வைத்தால் போதும், வரிசை குலையாது. நாலாவது படிக்குப் பின் புதிதாக ஒரு படி வேண்டுமா? ஒரு வரியைச் சேர்க்கிறேன். கீழே உள்ள எந்த வரியையும் தொடவில்லை. மாற்றம் என்று பதிவாவது அந்த ஒரு வரி மட்டுமே. ஒரு படி புதிதாக வந்திருக்கிறது, ஆகவே ஒரு வரி மாறியிருக்கிறது. இதைவிட நேர்மையான கணக்கு உண்டா?

இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரு வாக்கியம் முடிந்ததும் என்டர் தட்டி அடுத்த வாக்கியத்தைப் புது வரியில் தொடங்குவது. வாசகர் பார்க்கும் பக்கத்தில் அவை ஒரே பத்தியாகத்தான் தெரியும், கோப்பில் மட்டும் வரிக்கு ஒரு வாக்கியம். பெல் ஆய்வகத்தில் இருந்த பிரையன் கெர்னிகன், யுனிக்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கென்று 1974-ல் எழுதிய அறிமுகத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். எழுதியதை யாராக இருந்தாலும் மாற்றத்தான் போகிறார்கள், ஆகவே மாற்றுவதற்கு வசதியாகத் தட்டச்சு செய்யுங்கள் என்பது அவர் ஆலோசனையின் சாரம். ஐம்பது வருடத்துக்கு முன்பே என் தொழிலின் சூட்சுமத்தைப் பிடித்த மனிதர்!

ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரலாறு

இனி கிட். லினக்ஸ் கருவுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதியது. நிரல்களுக்காகப் பிறந்தது உண்மைதான், ஆனால் என்னைக் கேட்டால் எழுத்தாளர்களுக்குக் கிடைத்த வரப்பிரசாதம் என்பேன். யார், எந்த வரியை, என்றைக்கு, எதற்காக மாற்றினார்கள் என்பதை அது மறப்பதே இல்லை.

டிஃப் என்றொரு காட்சி உண்டு. பழைய வரி சிவப்பில், கழித்தல் குறியோடு: கணக்கைச் சேமி என்பதை அழுத்தவும். அதற்கு நேர் கீழே புது வரி பச்சையில், கூட்டல் குறியோடு: பில்லைச் சேமி என்பதை அழுத்தவும். கண் ஒரு நொடியில் பிடித்துவிடும். வாக்கியத்துக்கு ஒரு வரி வைத்திருப்பதால் பத்தி முழுவதையும் படித்து என்ன மாறியது என்று தேட வேண்டியதில்லை. சொல் அளவில் காட்டு என்று கேட்டால் மாறிய அந்த ஒரு சொல்லை மட்டும் நிறம் மாற்றிக் காட்டும். ரிவ்யூ செய்கிறவருக்கு எவ்வளவு மரியாதை அது!

ப்ளேம் என்று இன்னொன்று. எந்த வரியின் மேல் சந்தேகம் வந்தாலும் அதன் பிறப்புச் சான்றிதழை நீட்டிவிடும். ஒரு முறை வாடிக்கையாளர் ஆதரவுக் குழுவில் இருந்து கேள்வி வந்தது: பிரிண்டரை மறுபடி இணைப்பது பற்றி இருந்த எச்சரிக்கைக் குறிப்பு ஏன் காணாமல் போனது? எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், எங்கள் யாருக்கும் நினைவில்லை. நீக்கிய வரியை ப்ளேம் காட்டாது, ஆகவே கிட்டின் வரலாற்றுப் பதிவில் தேடினோம். குறிப்பை நீக்கிய நாள், நீக்கியவர், கூடவே அவர் எழுதிவிட்டுப் போன ஒற்றை வரிக் காரணம், மூன்றும் திரையில் வந்தன. புது டிரைவர் வந்தபின் அந்தச் சிக்கலே இல்லை என்பது காரணம். காபி ஆறுவதற்குள் பதில் அனுப்பியாயிற்று.

எல்லாவற்றையும்விட நான் கொண்டாடுவது, நிரல் எழுதுகிறவர்களும் நாங்களும் ஒரே இடத்தில் வேலை செய்யத் தொடங்கியதை. முன்பெல்லாம் ஒரு வேர்ட் கோப்பை மெயிலில் அனுப்பிவிட்டு, பார்த்தீர்களா என்று ஒவ்வொருவர் இருக்கையாகப் போய் நிற்க வேண்டும். இப்போது கையேடு அவர்கள் கோட் இருக்கும் அதே ரெப்போவில், அதாவது அதே கோப்புக் களஞ்சியத்தில், இருக்கிறது. அவர்கள் நாள் முழுக்கப் பார்க்கும் அதே திரையில், என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் புல் ரிக்வெஸ்டும் போய் நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஒரு பையன் வந்து, "அக்கா, அந்த மூணாவது ஸ்டெப்ல பாத் தப்பா இருந்துச்சு. நானே மாத்தி அனுப்பிட்டேன், பாத்து மெர்ஜ் பண்ணிடுங்க" என்றான். சொன்னது இரண்டே வாக்கியம், எனக்கோ திருவிழா. கையேடு எங்கள் மேசையை விட்டு எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நடைக் கையேட்டுக்கு உயிர்

வேல் என்பது ஜோசப் கேட்டோ எழுதிய திறந்த மூல மென்பொருள். எழுத்துப்பிழையோடு நிற்காமல் நடையையும் பார்க்கும். எந்தச் சொல்லை ஆள வேண்டும், வாக்கியம் எவ்வளவு நீளம் போகலாம் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்குமே, அதை விதியாக எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு வரியையும் அதோடு ஒப்பிட்டுச் சொல்லும். ஆங்கிலத்துக்கு மைக்ரோசாஃப்ட், கூகுள் நடைக் கையேடுகளின் விதிகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. தமிழுக்கு நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வேலைதான் எவ்வளவு சுகம்!

ஒரு விதி என்பது சில வரிகள்தான். இடப்பக்கம் வேண்டாத சொல், வலப்பக்கம் வேண்டிய சொல். எங்கள் கையேட்டில் ஒருவர் பதிவிறக்கம் என்று எழுதுவார், இன்னொருவர் தரவிறக்கம் என்பார், மூன்றாமவர் டவுன்லோட் என்பார். மூன்றும் மூன்று வேறு காரியம் என்று கடைக்காரர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பதிவிறக்கம் என்று ஒன்றை முடிவு செய்து விதியில் போட்டோம். தமிழில் சொல் வேற்றுமை உருபோடும் விகுதியோடும் ஒட்டி நீண்டுகொண்டே போகுமே, அதற்கு என்ன வழி? நான்வேர்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் சொல்லின் எல்லையைப் பார்க்காமல் உள்ளே புகுந்து தேடும். சொல்லின் முன்பாதியை மட்டும் கொடுத்தோம். தரவிறக்கவும், தரவிறக்கி, தரவிறக்கத்தை என்று எந்த உருவில் வந்தாலும் பிடித்துவிடுகிறது.

வாக்கிய நீளத்துக்கும் விதி வைத்தோம். ஆங்கிலத்துக்கு இருபத்தைந்து சொல் வரை விடலாம், தமிழில் ஒரே சொல்லில் அவ்வளவு பொருள் அடங்குவதால் பதினைந்து என்று வைத்தோம். இடைவெளியை வைத்துச் சொற்களை எண்ணச் சொன்னால் தமிழையும் சரியாகவே எண்ணுகிறது. இத்தனையும் மனிதர் யாரும் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிடும். ஆகவே ரிவ்யூவில் நாங்கள் சொல்லுக்காகச் சண்டை போடுவதில்லை, விஷயம் சரியா என்பதைப் பற்றியே பேசுகிறோம்.

விதிகளுக்கு எங்கே போனோம் என்கிறீர்களா? இந்த ஊரிலேயே பொக்கிஷம் இருக்கிறது. மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' இருக்கிறது. 1992-ல் முதல் பதிப்பு கண்டு 2020-ல் மூன்றாம் பதிப்பு வந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' இருக்கிறது. இரண்டையும் அலமாரியில் வைத்து வணங்கினால் போதாது. சொற்களைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்ற குழப்பத்தில் நாங்கள் அவற்றைப் பார்த்து எடுத்த முடிவுகள் இன்று ஒவ்வொரு கோப்பிலும் தானாக ஓடுகின்றன. சந்திக்கு மட்டும் நீச்சல்காரன் உருவாக்கிய வாணி திருத்தியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுவேன். ஒற்று மிகும், மிகாது என்று அது சுட்டிக்காட்டும்போது பக்கத்தில் தமிழாசிரியர் உட்கார்ந்திருக்கிற தெம்பு வரும்.

ஒரு கோப்பு, பல வடிவம்

பாண்டாக்கை எழுதியவர் ஜான் மக்ஃபார்லேன், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். 2006-ல் வெளியிட்டார். ஒரு மார்க்டவுன் கோப்பைக் கொடுத்து ஒரு வரிக் கட்டளை போட்டால் இணையப் பக்கம், பிடிஎஃப், வேர்ட், மின்னூல் என்று கேட்ட வடிவில் தரும். கடை முதலாளிக்கு அச்சடித்துக் கையில் கொடுக்க பிடிஎஃப் வேண்டும், வேறொருவருக்கு வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும், தணிக்கையாளருக்கு வேர்டில்தான் வேண்டும். எழுதியது ஒன்றுதான். திருத்தம் வந்தால் அந்த ஒன்றைத் திருத்தினால் போதும்.

தமிழ் பிடிஎஃபுக்கு ஒரு குறிப்பு. பாண்டாக் பிடிஎஃப் செய்யும்போது டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் துணைக்கு அழைக்கும். டொனால்ட் நூத் 1978-ல் வெளியிட்டது. அதன் குடும்பத்தில் ஸீலேடெக்கையோ லுவாலேடெக்கையோ பயன்படுத்தும்படி சொல்லி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் காட்டிவிட வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறாமல், புள்ளி எழுத்தின் தலையில் சரியாக உட்கார்ந்து, பக்கம் அவ்வளவு அழகாக வரும். சென்னைக்கு அச்சுக்கோப்பு புதிதல்ல. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பக ஆய்வு நூல்களைப் புரட்டும்போது உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். அச்சுக்கோப்பு நியூஜென், சென்னை என்று எத்தனையோ நூல்களில் இருக்கும். உலகம் படிக்கும் பக்கங்கள் இந்த ஊரில் கோக்கப்படுகின்றன. அந்த ஊரின் கையேடு மட்டும் ஏனோதானோவென்று இருக்கலாமா?

இவ்வளவும் தமிழில் கைகூடக் காரணமான ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். அது தமிழ்99 விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டிப் பிறந்து, தமிழ்நாடு அரசின் அங்கீகாரம் பெற்றது. இடக்கைப் பக்கம் உயிரெழுத்து, வலக்கைப் பக்கம் மெய். புள்ளியைப் பெரும்பாலும் அதுவே வைத்துக்கொள்ளும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டுத் தட்டினால் அம்மா வந்துவிடும். ங-வுக்குப் பின் க தட்டினால் ங் என்று தானே ஆகிவிடும், ஞ-வுக்குப் பின் ச தட்டினாலும் அப்படியே. ஆங்கில எழுத்தில் யோசித்துத் தமிழில் வரவழைக்கிற சுற்றுவழியே இல்லை. நான் வேகமாக எழுதுகிறேன் என்றால் பாதிப் புகழ் இதற்குத்தான். இதை விண்டோஸில் எளிதாக்கித் தந்த என்எச்எம் ரைட்டரும் சென்னையில் உருவானதுதான் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

வேறு நல்ல கருவிகளே இல்லையா? இருக்கின்றன. ஆயிரக்கணக்கான பக்கமுள்ள கையேட்டுக்கு ஃப்ரேம்மேக்கர் இன்றும் மலை போல் நிற்கும். ஐபிஎம்மில் பிறந்து 2005-ல் பொதுத் தரமான டிட்டா, ஒரே பத்தியைப் பத்துக் கையேடுகளில் பகிர்ந்துகொள்ள அருமையான ஏற்பாடு. மேட்கேப் ஃப்ளேரை விட்டுக்கொடுக்காத நண்பர்கள் எனக்கு உண்டு. சென்னை ஸோஹோ 2005-ல் கொண்டுவந்த ஸோஹோ ரைட்டரும், கோயம்புத்தூர்க்காரர்களின் கோவை.கோ நிறுவனம் உருவாக்கிய டாக்குமென்ட்360-உம் நம் மண்ணிலிருந்து உலகத்துக்குப் போயிருக்கின்றன. கோட் எழுதிப் பழகாத குழுவுக்கு இவை பெரிய கைகொடுப்பு. எல்லாவற்றுக்கும் என் வணக்கம். ஆனால் நான் எழுதியது வெறும் எழுத்துக் கோப்பாக, எந்த நிறுவனத்தின் பூட்டுக்குள்ளும் அகப்படாமல், ஒவ்வொரு திருத்தத்தின் கதையோடும் இருக்க வேண்டும் என்றால், என் ஓட்டு இந்த நாலுக்கே.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கையேட்டில் அடிக்கடி மாறுகிற ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மார்க்டவுனாக மாற்றுங்கள், வரிக்கு ஒரு வாக்கியம் வையுங்கள், கிட்டில் போடுங்கள். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அந்தப் பக்கம் நாலைந்து முறை மாறட்டும், பிறகு மற்ற பக்கங்களை நீங்களே மாற்றுவீர்கள். சந்தேகம் வந்தால் தயங்காதீர்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் இணையத்தில் கூடித் தமிழிலேயே பேசுகிறார்கள், கணியம் இதழில் எளிய தமிழில் எழுதிய தொழில்நுட்பக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவிகள் தயார். தமிழில் நல்ல கையேடுகள்தான் இன்னும் போதவில்லை, அவற்றை நீங்கள் எழுத வேண்டும்.